போதைச் சிகிச்சைக்குப் போனால் ஊருக்குத் தெரிய வருமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. என் சின்ன மாமாவைக் குடியிலிருந்து மீட்க வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவன். அந்த அலைச்சலைப் பார்த்துவிட்டு, மகன் ஐஸ் (மெத்தாம்பெட்டமின்) அடிக்கிறான், தம்பி குளிசை போடுகிறான், மனுஷன் விடிஞ்சா கசிப்பு என்று மற்றக் குடும்பங்களும் என்னைத் தேடி வரத் தொடங்கினார்கள். வருகிற எவரும் முதலில் சிகிச்சையைப் பற்றிக் கேட்பதில்லை. "வெளிய தெரிய வருமோ?" என்பதுதான் முதல் கேள்வி. வாய்க்கு வாய் சொல்லிக் களைத்துப்போய், கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என் பெயர் எங்கெங்கே எழுதப்படும்?

நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலான இடங்களில். வெளிநோயாளர் பிரிவில் ஒரு துண்டு வெட்டுவார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் அங்கே ஒரு பதிவேடு, உங்கள் கையில் ஒரு கிளினிக் கொப்பி. வார்டில் அனுமதித்தால் கட்டில் தலைமாட்டில் தொங்கும் டிக்கெட் இருக்கிறதே, அதில்தான் முழுக் கதையும் இருக்கும்: எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள், என்ன பாவித்தீர்கள், வீட்டில் என்ன பிரச்சினை, யார் கூட்டி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்ட் ஒன்று தருவார்கள், டிக்கெட் ஆஸ்பத்திரியின் பதிவறைக்குப் போய்விடும். மருந்து கொடுக்கும் இடத்திலும் கணக்கு உண்டு. சில பெரிய ஆஸ்பத்திரிகளில் இதில் ஒரு பகுதி கம்ப்யூட்டரிலும் ஏறுகிறது.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எங்கே எது இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைப் பூட்டி வைக்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க முடியும். பதிவறைக்குள் போன டிக்கெட்டால் மானம் போன குடும்பம் ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை. கொப்பியால் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கொப்பியால் எப்படி?

அது நம் கையில் இருக்கிற சாமான் என்பதால்தான். ஆஸ்பத்திரி தன் டிக்கெட்டை என்னவோ ஒரு அலுமாரியில் வைக்கிறது, நாங்கள் கொப்பியை டிவி மேல், சாமித்தட்டில், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழ், ஓட்டோவின் பின்பக்கம் என்று கண்ட இடத்தில் வைக்கிறோம். என் மாமாவின் கொப்பி ஒருநாள் ஓட்டோவில் தவறிப்போய்விட்டது. ஓட்டோக்காரத் தம்பி நல்லவர், மெனக்கெட்டுக் கொண்டுவந்து தந்தார், ஆனால் யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில் நாலு கடையில் விரித்துக் காட்டியிருக்கிறார். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை.

உள்ளே இங்கிலீஷில்தானே எழுதியிருக்கிறது, யாருக்கு விளங்கும் என்று கேட்காதீர்கள். "ஏ.டி.எஸ்." என்ற மூன்று எழுத்து மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையைக் குறிக்கும் என்று எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரருக்கே தெரியும். சிலவற்றில் நோய்க் குறியீடும் இருக்கும். சர்வதேச வகைப்படுத்தலின் பத்தாவது பதிப்பில் எஃப் 10 என்றால் மது, எஃப் 11 ஹெரோயின் வகை, எஃப் 12 கஞ்சா, எஃப் 15 ஐஸ் போன்ற ஊக்கிகள். கூகுளில் போட்டால் அரை நிமிஷம்.

ஆகவே கொப்பிக்கு ஒரு உறை போடுங்கள், வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள், கிளினிக் நாளில் மட்டும் வெளியே எடுங்கள். காய்ச்சலுக்கு வேறு டொக்டரிடம் போனால் இதைக் காட்டுவதா விடுவதா? காட்டுங்கள். குடிக்கான மருந்துகளில் சில மற்ற மருந்துகளோடு சேரக் கூடாதவை. டொக்டரிடம் மறைப்பது வேறு, ஊருக்கு மறைப்பது வேறு.

நான் ஐஸ் பாவித்தேன் என்று சொன்னால் டொக்டர் பொலிசுக்கு அறிவிப்பாரா?

சிகிச்சைக்கு வந்து சொன்னதற்காகப் பொலிசைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. டெங்கு போன்ற சில நோய்களை மட்டும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்கு ஹெல்த் 544 என்று ஒரு படிவமே உண்டு, அது சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போய் அங்கிருந்து பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) உங்கள் வளவுக்கு வருவார். போதைப் பழக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. பி.எச்.ஐ. வந்தால் நுளம்பு பார்க்கத்தான் வந்திருப்பார்.

ஆனால் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. வெட்டு, அடிதடி, விபத்து, நஞ்சு குடித்தது, அளவுக்கு மிஞ்சி மருந்து போட்டது என்று அனுமதிக்கப்பட்டால் அது சட்ட மருத்துவ விவகாரம், ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலிடத்தில் பதிவு விழும். இதில் ஒரு பழைய பயத்தைக் கழற்றி வைக்கலாம்: தற்கொலைக்கு முயன்றது இலங்கையில் 1998இலிருந்து குற்றம் இல்லை. பொலிஸ் வந்து நாலு வார்த்தை கேட்டாலும் வழக்குப் போட்டு உள்ளே தள்ள மாட்டார்கள். அந்தப் பயத்தில் பிள்ளையை வீட்டில் வைத்து மோர் பருக்கிக்கொண்டிருந்த குடும்பம் எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று, பாவித்தேன் என்று வாயால் சொல்வது வேறு, பொக்கெட்டில் பொருளோடு வார்டுக்குப் போவது வேறு. நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் சட்டத்தை மாற்றிய 2022இன் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸ் கையில் இருந்தால் போதும், மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகிற வழக்கு. பையைச் சோதித்துவிட்டு ஆளைக் கூட்டிப் போங்கள்.

பொலிஸ் கேட்டால், கோர்ட் கேட்டால்?

பொலிஸ்காரர் வந்து "அந்த ஆளின்ட டிக்கெட்டைக் காட்டுங்க" என்று வாய்ச்சொல்லில் கேட்டதற்காக ஆஸ்பத்திரி எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. நீதிமன்றக் கட்டளை வந்தால் கொடுத்தாக வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம் இது: நமது 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் சட்டத்தரணியிடம் சொன்னதற்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, டொக்டரிடம் சொன்னதற்கு அப்படியொன்று இல்லை. நீதவான் கேட்டால் டொக்டர் சொல்லத்தான் வேண்டும். வழக்கு ஏதாவது ஓடுகிறவர்கள் முதலில் சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு, அப்புறம் கிளினிக்குக்குப் போவது புத்தி.

அதோடு 2007இன் 54ஆம் இலக்கச் சட்டம். போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்குமான சட்டம் அது. தானாக விரும்பிப் போகலாம், அல்லது பொலிஸ் நீதவான் முன் நிறுத்தி, வைத்தியப் பரிசோதனைக்குப் பிறகு கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பலாம். இரண்டாவது வழியில் போனால் உங்கள் பெயர் நீதிமன்றப் புத்தகத்தில் ஏறிவிடும், அது திறந்த மன்று, யாரும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். நம்ம பக்கத்துப் பெடியன்கள் கந்தக்காடு, சேனபுர என்று பொலன்னறுவைப் பக்கத்துப் புனர்வாழ்வு நிலையங்களுக்குப் போய் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். ரகசியம் முக்கியம் என்றால் தானாகப் போகும் வழியைத் தாமதிக்காமல் எடுக்க வேண்டும்.

நமது ரகசியத்தைக் காக்கிற சட்டம் என்று எதுவுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் சிதறிக் கிடக்கிறது. இலங்கை மருத்துவச் சபையின் நெறிமுறைப்படி நோயாளி சொன்னதை டொக்டர் வெளியில் சொல்லக் கூடாது, சொன்னால் ஒழுக்காற்று விசாரணை வரலாம். மற்றவர்களின் உயிருக்குப் பெரிய ஆபத்து, உதாரணமாகப் பஸ் ஓட்டுகிறவர் வெறியில் ஓட்டுகிறார் என்றால், அங்கே மட்டும் டொக்டருக்கு விலக்கு உண்டு.

2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து யாராவது உங்கள் பதிவைக் கேட்டால்? கொடுக்க முடியாது. ஒருவரின் மருத்துவப் பதிவு அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளிவரக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் காணிச் சண்டைக்காக இப்படி ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்த கதை ஒன்று எனக்குத் தெரியும், மறுத்துக் கடிதம் வந்தது, மனுஷன் அதைக் கொண்டுபோய்ப் பிரேம் போடாத குறை.

பெரிய சட்டம் 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சுகாதாரத் தரவை அது விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது, அதாவது மற்றத் தகவல்களைவிடக் கூடுதல் கவனத்தோடு கையாள வேண்டியது. மீறுகிற நிறுவனத்துக்கு ஒரு மீறலுக்கு 1 கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க இடமிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் நிறைவேறிய நாளிலேயே எல்லாப் பகுதியும் நடைமுறைக்கு வரவில்லை, கட்டங்கட்டமாக என்று சொல்லித் தள்ளித் தள்ளிப் போனது. அதனால் கிளினிக் வாசலில் பெயரைக் கத்திக் கூப்பிடும் அட்டெண்டனிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லிப் பயன் இல்லை. "நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணே" என்று கேளுங்கள், பாதிப்பேர் கேட்கிறார்கள். பால்வினை நோய் கிளினிக்குகளில் இலக்கத்தை வைத்தே காலங்காலமாக வேலை நடக்கிறது, முடியாத காரியம் இல்லை.

அமெரிக்காவில் போதைச் சிகிச்சைப் பதிவுக்கென்றே தனிச் சட்டம் இருக்காமே?

ஓம், உண்மைதான். பொது மருத்துவப் பதிவுகளுக்கு 1996இல் வந்த ஹிப்பா என்ற சட்டம் இருக்கிறது. அதற்கு இருபது வருஷத்துக்கும் முன்பே, 1970களின் தொடக்கத்தில், மது மற்றும் போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், "பகுதி 2" என்று சொல்வார்கள். காரணம் எளிது: சிகிச்சைக்கு வந்தவனின் பதிவைப் பொலிஸ் எடுத்து வழக்குப் போட்டால் ஒருத்தனும் வாசலில் கால் வைக்க மாட்டான். அதனால் அந்தப் பதிவை வைத்து நோயாளிமேல் குற்ற வழக்குத் தொடர வேண்டுமென்றால் சாதாரண அழைப்பாணை போதாது, தனியான நீதிமன்றக் கட்டளை வேண்டும் அல்லது நோயாளியின் சம்மதம் வேண்டும்.

நம் நாட்டில் அப்படித் தனிச் சுவர் கட்டப்படவில்லை. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "எனக்கு ஹிப்பா உரிமை இருக்கு" என்று வார்டில் வந்து சண்டை பிடித்த ஒருவரை நானே சமாதானப்படுத்தி வெளியே கூட்டி வந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நம்ம சொந்தக்காரர் வேலை செய்கிறார். அவர் மூலம் தெரிந்துவிடாதா?

இதுதான் உண்மையான கேள்வி. சட்டம், கம்ப்யூட்டர், பொலிஸ் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மட்டக்களப்பில் பிறந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. "நீங்க என்ன குடி?" என்று கேட்டால் இங்கே அது குடிப்பழக்கத்தைக் கேட்பதில்லை, தாய்வழிக் குடியைக் கேட்பது, அதைச் சொன்னதும் இரண்டு நிமிஷத்தில் நீங்கள் எனக்கு மச்சானா மாமாவா என்று கண்டுபிடித்துவிடுவோம். இப்படிப்பட்ட ஊரில் மிஸ்ஸி (தாதி) உங்கள் பெரியம்மாவின் மருமகளாக இருப்பார், மருந்து கட்டித் தருபவர் கூடப் படித்தவராக இருப்பார். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எங்கே போனாலும் இதே கதைதான்.

அநேகமான ஊழியர்கள் வாயைத் திறப்பதில்லை, இதைச் சும்மா சொல்லவில்லை, எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். திறக்கிறவர்களும் கெட்ட எண்ணத்தில் திறப்பதில்லை. "பாவம், அந்தப் பிள்ளையைப் பாத்தன்" என்று இரக்கத்தில் தொடங்கும் கதை கோயில் வீதி வந்து சேரும்போது வேறு உருவம் எடுத்துவிடும். சொந்தக்கார ஊழியரைக் கண்டால் ஒளியாதீர்கள். ஒளிந்தால் அதுவே செய்தி. நேரே போய், "அக்கா, இந்தக் காரியத்துக்குத்தான் வந்தன், உங்களோட வெச்சிக்கொள்ளுங்க" என்று சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டபின் சொல்வதற்குப் பலருக்கு மனம் வராது. இன்னும் பயமாக இருந்தால் பொறுப்பு டொக்டரிடமோ தலைமைத் தாதியிடமோ முன்கூட்டியே சொல்லுங்கள், அவர் உங்கள் கொப்பியை எடுக்காதபடி பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.

கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தால் ஆஸ்பத்திரியில் சொல்வார்களா?

சொல்லக் கூடாது. ஆனால் விசாரிக்கிறவர்கள் ஆஸ்பத்திரி முகப்பில் வந்து நிற்பதில்லையே, தெரிந்த ஒருவரைப் பிடித்துக் கேட்பார்கள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிற இடம் இது, கேட்பவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். மாமாவின் மூத்த மகளுக்குச் சம்பந்தம் வந்தபோது மாமாவே போய் மாப்பிள்ளையின் தகப்பனிடம் சொல்லிவிட்டார், நான் குடித்தவன், இப்போது கிளினிக் போகிறேன் என்று. வீட்டில் எல்லோரும் தலையில் கை வைத்தோம். சம்பந்தம் நடந்தது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று உத்தரவாதம் தர என்னால் முடியாது.

கட்டார், துபாய் போக இது தடையா? பொலிஸ் ரிப்போர்ட்டில் வருமா?

பொலிஸ் ரிப்போர்ட்டில் வருவது பொலிஸ் வழக்குகள், கிளினிக் போனது வராது. வளைகுடா மெடிக்கலில் அன்றைய இரத்தம், எக்ஸ்ரே, உடம்பு பார்க்கிறார்கள், இங்கே பழைய பதிவறையைத் தோண்டுவதில்லை. ஒரு எச்சரிக்கை: டிரமடோல், ப்ரெகபலின், டயசெபாம் மாதிரிக் குளிசைகளை எடுத்துக்கொண்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் இறங்குகிறவர்கள் முன் அனுமதியும் டொக்டர் கடிதமும் இல்லாமல் போகவே கூடாது, நேரே சிறை. அந்த இடத்தில் ரகசியம் பார்க்க முடியாது, கடிதத்தில் நோயின் பெயர் இருக்கத்தான் செய்யும்.

இன்ஷூரன்ஸ், வேலை இடம்?

இன்ஷூரன்ஸ் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், என் வைத்தியப் பதிவுகளைப் பெற நிறுவனத்துக்குச் சம்மதம் என்று ஒரு வரி இருக்கும், கையெழுத்து வைத்தால் நீங்களே கதவைத் திறந்துவிட்டீர்கள். பொய் எழுதினால் பின்னால் பணம் தர மாட்டார்கள். வேலை இடத்துக்கு மெடிக்கல் துண்டு கொடுக்கும்போது, நோயின் பெயரை விரிவாகப் போடாமல் இத்தனை நாள் ஓய்வு தேவை என்று எழுதித் தர முடியுமா என்று டொக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவோ மனைவியோ கேட்டால் டொக்டர் எல்லாம் சொல்வாரா?

வயது வந்தவர் என்றால் உங்கள் விருப்பத்தைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். நடைமுறையில் நம் ஊரில் குடும்பமே கூட்டமாக உள்ளே வந்து நிற்கும், டொக்டரும் எல்லோர் முன்னாலும் கதைத்துவிடுவார். "டொக்டர், முதல்ல என்னோட தனியக் கதைக்க ஏலுமா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மனைவிக்கு மருந்து நேரம் தெரிய வேண்டும், எங்கே யாரிடம் வாங்கிப் பாவித்தீர்கள் என்பது தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் பெற்றாரை விட்டுச் சிகிச்சை நடக்காது, ஆனால் அதிபருக்கு விபரம் போக வேண்டிய அவசியம் இல்லை, பிள்ளைக்குச் சுகமில்லை என்ற கடிதம் போதும்.

தனியார் மறுவாழ்வு இல்லங்கள் பாதுகாப்பா?

சேர்க்க முதல் அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தைப் பாருங்கள். தங்கியிருக்கிறவர்களின் முகம் தெரியப் படம் போட்டிருக்கிறார்களா? பிறந்தநாள் கேக் வெட்டுவது, தியானம் செய்வது, அரசியல்வாதி வந்து சாரம் கொடுப்பது, எல்லாவற்றிலும் முகம். உதவி தருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி திருந்தி வந்து கடை போட்ட பிறகும் அந்தப் படம் இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, மூன்று தடவை கேட்டுத்தான் எடுத்தார்கள். சேரும்போது வைக்கும் கையெழுத்தில் படம் எடுக்கச் சம்மதம் என்ற வரி இருந்தால் அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். கூடவே, சிகிச்சை நிலையம் அனுமதிப்பத்திரம் பெற்றதா என்றும் கேளுங்கள், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேவை.

போனில் கேட்டால் பெயர் சொல்ல வேண்டுமா?

தேவையில்லை. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926. பெயர் சொல்லாமலே கேட்கலாம். உங்கள் போனில் அழைத்த இலக்கம் பதிந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள், வீட்டில் போனை எல்லோரும் எடுத்துப் பார்க்கிற வழக்கம் இருந்தால் அழித்துவிடுங்கள்.

என் பதிவை நான் பார்க்கலாமா, அழிக்கச் சொல்லலாமா?

பார்க்க, சுருக்கம் பெற, வைத்திய அத்தியட்சகருக்கோ பணிப்பாளருக்கோ எழுத்தில் விண்ணப்பியுங்கள், அடையாள அட்டைப் பிரதியோடு. உடனே கிடைக்காது, இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டி வரும். அழிப்பது வேறு கதை, ஆஸ்பத்திரிப் பதிவேட்டை உங்களுக்காகக் கிழிக்க மாட்டார்கள். பிழையாக எழுதப்பட்டிருந்தால் திருத்தக் கேட்கலாம்.

கதை வெளியே போய்விட்டது. யாரிடம் முறையிடுவது?

முதலில் ஆஸ்பத்திரி எந்த வகை என்று பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருவது, அதன் பணிப்பாளரிடம் போக வேண்டும். பிராந்திய ஆஸ்பத்திரிகள் என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். அம்பாறை மாவட்டத்துக்கு இதில் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பணிமனைகள், மாறிப் போனால் ஒரு நாள் வீண். டொக்டர்மேல் முறைப்பாடு என்றால் இலங்கை மருத்துவச் சபை. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. யாராவது உங்கள் டிக்கெட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் அழிக்கச் சொல்வதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பேசாமல் வேறு ஊரில் போய்ச் சிகிச்சை எடுத்தால் என்ன?

எடுக்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கு வருகிறார், வாழைச்சேனைக்காரர் பொலன்னறுவைக்குப் போகிறார். முதல் மாதம் நன்றாக நடக்கும். மூன்றாம் மாதம் பஸ் காசு, வேலைக்கு லீவு, மழை, வெள்ளம் என்று ஒன்று இடையில் வரும், ஒரு கிளினிக் தவறும், மருந்து தீரும். மாமாவும் முதலில் தூரத்துக்குத்தான் போனார், நாலு கிளினிக்கோடு நின்றுவிட்டது. பிறகு ஊர் ஆஸ்பத்திரியிலேயே பதிந்தார். சாப்பாட்டுப் பையில் சோற்றுப் பெட்டிக்குக் கீழே கொப்பியை வைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் முதல் ஆளாக நின்று, சனம் கூடுவதற்குள் மருந்தோடு திரும்பிவிடுவார். இப்போதும் அப்படித்தான் போகிறார்.